கடைசிப் பக்க இயல்: ஒரு சிற்றூர்க் கல்லூரியின் முதலாண்டு நோட்டுகளை முன்வைத்து

எழுத்தைக் கண்ட இடத்திலெல்லாம் மைப்படி எடுத்த நாடு இது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை ஹுல்ட்ஷ் 1890இல் வெளியிட்டார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய தம் பெருநூலை ஐராவதம் மகாதேவன் 2003இல் கொண்டுவந்தார். கோயில் அதிட்டானம், சமணர் குகை, நடுகல், செப்பேடு, கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டியெடுத்த பானை ஓடு என ஒன்றையும் நம் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. இவர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் கல்லூரியில் முதலாண்டு படித்தவர்கள்தாம். இருந்தும் தம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தாமே பொறித்த சாசனங்களைப் பற்றி வாய் திறந்தாரில்லை. இந்த மௌனம் தற்செயலானதன்று என்பது எம் துணிபு.

முதலாண்டு மாணவனின் வரலாற்றை எழுத முனைவோர் வழக்கமாக மூன்று சான்றுகளைத் தேடுவர்: மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவேடு, அடையாள அட்டையிலுள்ள புகைப்படம். முதலிரண்டும் அரசாங்க ஆவணங்கள். மூன்றாவதில் இருப்பது அந்த மாணவன்தான் என்று அவன் தாயாரே உறுதி சொல்ல மாட்டார். எஞ்சுவது கடைசிப் பக்கம். ஆசிரியர் திருத்தாதது, தேர்வாணையர் கேட்காதது, பெற்றோர் புரட்டாதது. பொய் எழுத அங்கே காரணமில்லை என்ற ஒன்றே அதனை முதன்மைச் சான்றாக்கப் போதும்.

களம்

தென் மாவட்டமொன்றில், பஸ் நிலையத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கண்மாய்க் கரையோரம் இருக்கும் சிறிய அரசு கலைக் கல்லூரி எம் ஆய்வுக் களம். காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். கேன்டீன் கிடையாது, கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. நூலகம் உண்டு, திறந்திருப்பதைக் கண்டவர்களும் உண்டு. பிள்ளைகளில் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள்.

ஆவணக் காப்பகம் அதே சாலையில் உள்ள பழைய பேப்பர் கடை. மே மாதம் அங்கே நோட்டுகள் கோணி கோணியாக வந்து சேரும். காப்பாளர் அண்ணாச்சி எம் ஆய்வின் முறையியலையே முதல் நாளில் கேள்விக்குள்ளாக்கினார்.

"சார், நோட்டெல்லாம் எடைக்கு எடுக்கீகளா, படிக்கதுக்கா?"

"படிக்கத்தான் அண்ணாச்சி."

"எழுதுன பயலுவளே படிக்கல. நீங்க படிக்கப் போறீகளாக்கும்?"

இக்கேள்விக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை. அவர் எடை போட்டுக் கொடுத்த நோட்டுகளோடு, டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாள்களையும் துணைச் சான்றுகளாகக் கொண்டோம். பின்னவற்றில் எண்ணெய் ஊறிய இடங்கள் 'சிதைவு' எனக் குறிக்கப்பட்டுள்ளன. வடையின் நடுத் துளைக்கு நேரே இருந்த எழுத்துகள் மட்டும் நன்கு வாசிக்கக் கிடைத்தன என்பதை வருங்கால ஆய்வாளர்கள் கருத்தில் கொள்க.

எழுதப்பட்ட பொருள்

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள, 1979இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனத்தின் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சிவகாசியில் நோட்டுக்குக் கோடு போட்டு, மடித்து, பின் அடிக்கிறார்கள். ஆக, எம் சாசனங்களில் ஒரு பகுதியாவது கரும்பில் தொடங்கிக் கந்தகபூமி வழியாகக் கல்லூரிக்கு வந்தவை எனலாம். கல்லில் எழுத உளி வேண்டும். ஓலையில் எழுத எழுத்தாணி வேண்டும். இதில் எழுதப் பக்கத்திலிருப்பவனின் பேனா வேண்டும்.

இந்நோட்டின் கட்டுமானத்தில் ஒரு நுட்பம் உண்டு. நடுவில் பின் அடித்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் வெவ்வேறல்ல. ஒரே காகிதத்தின் இரு பாதிகள். முதல் பாதியில் பிள்ளையார் சுழி, அதன்கீழே முத்து முத்தாகப் பெயர், வகுப்பு, பாடம், மயிலிறகோ மஞ்சள் பொட்டோ. மறு பாதியில் நாம் ஆராயப்போகும் அனைத்தும். கடைசித் தாளைக் கிழித்தவனுக்கு முதல் தாள் தானாகவே கழன்று கையோடு வந்துவிடும். ஜூலை மாதத்தில் பயபக்தியோடு எழுதிய பிள்ளையார் சுழி ஆகஸ்ட் மாதத்தில் காணாமற்போவதற்கு நாத்திகம் காரணமென்று ஒரு சாரார் கூறுவர். காரணம் பின்தான்.

கடைசித் தாளின் மூலைகள் கிழிந்திருப்பதற்கும் விளக்கம் தேவை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எம் களத்தில் வகுப்புப் பிரதிநிதித் தேர்தலும் இவ்வாறே நடந்திருக்கிறது. குடத்துக்கு டிபன் பாக்ஸ். ஓலைக்குக் கடைசித் தாளின் மூலை. நிலமும் மனையும் கேட்டிருந்தால் வகுப்பில் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள் என்பதால் அவ்விதி தளர்த்தப்பட்டது. சீட்டு எடுத்து முடிவும் தெரிந்த பின்னர்த் துறைத்தலைவர் உள்ளே வந்து, "ப்ளஸ் டூவுல யாரும்மா ஃபர்ஸ்ட் மார்க்?" என்று கேட்டு, எழுந்து நின்ற மாணவியை நியமித்துவிட்டுப் போனார். உத்திரமேரூர்ச் சபைக்கு வாய்த்த நல்லூழ், அதற்குத் துறைத்தலைவர் இல்லாதது.

இருமுனை வளர்ச்சிக் கோட்பாடு

நோட்டு முன்னிருந்து பின்னாக நிரம்புகிறது என்பது பாமரர் நம்பிக்கை. அது இரு முனைகளிலிருந்தும் வளர்கிறது. முன்முனையில் பாடம் வலம் நோக்கிச் செல்லும். பின்முனையில் வாழ்க்கை இடம் நோக்கி வரும்.

முன்முனையின் மொழி தனித்த ஆய்வுக்குரியது. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன், ஆங்கிலத்தில் ஓடும் விரிவுரையைப் பிடிக்க முடியாமல், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறான். 'சிம்பிள் பெண்டுலத்தின் ஆஸிலேஷன் டைம் லெங்த்தைப் பொறுத்தது' என்பது போன்ற வாக்கியங்களைப் பக்கம் பக்கமாகக் கண்டோம். பெயர்ச்சொல் அனைத்தும் வேற்றுமொழி, வேற்றுமை உருபும் வினையும் தமிழ். மணிப்பிரவாளம் அழிந்துவிட்டதாக இலக்கிய வரலாறுகள் கூறுவது பிழை. அது இயற்பியல் துறைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. இதைச் சிரிப்பதற்காகக் குறிக்கவில்லை. கேட்டதை விடாமல் எழுதவேண்டும் என்ற வெறி அந்த எழுத்தில் தெரிகிறது. மழைக்காலத் தொடக்கம்வரை தெரிகிறது.

அதன்பின் முன்முனை நின்றுவிடும். பின்முனை நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கங்களைப் 'பாலை' என்று பெயரிட்டோம். பாலையின் அகலமே மாணவனை வகைப்படுத்தும் அளவுகோல். அரிதாகச் சிலர் நோட்டில் முன்முனை முன்னேறிப் பின்முனையைச் சுவரோடு நெருக்கிவிடுகிறது. இவர்கள் பிற்காலத்தில் அண்ணாச்சி கடைக்கு நோட்டு போடுவதில்லை, அடுத்த ஆண்டு வரும் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே எம் சேகரிப்பில் இவ்வகையினர் குறைவு. கற்கோயில் நின்றது, மரக்கோயில் அழிந்தது என்பதற்காக மரக்கோயிலே இல்லை என்று சொல்லலாகாதல்லவா?

ஃபிளேம்ஸ் சாசனங்கள்

கடைசிப் பக்கத்தில் எண்ணிக்கையில் மிகுந்தவை இவையே. இரு பெயர்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதி, பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, எஞ்சியதை எண்ண வேண்டும். பிறகு எஃப், எல், ஏ, எம், இ, எஸ் என்ற ஆறெழுத்தையும் அந்த எண்ணால் சுற்றிச் சுற்றி எண்ணி, எண்ணிக்கை முடிகிற எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கினால் இறுதியில் நிற்பது விதி. நட்பு, காதல், பாசம், கல்யாணம், பகை, சகோதரி என்பன முறையே அவற்றின் பொருள்.

முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸின் பெயரால் கணிதத்தில் ஒரு புதிர் வழங்குகிறது. வட்டமாக நிற்போரில் இத்தனையாவது ஆளை நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் யார் மிஞ்சுவார் என்பது அது. ஃபிளேம்ஸ் அதே புதிர்தான். ஜோசிஃபஸின் வட்டத்தில் உயிர் போயிற்று. இங்கே அதற்கு நிகரானது போகிறது.

எஞ்சும் எழுத்துகளின் எண்ணிக்கை 1 முதல் 15 வரை எதுவாக இருந்தால் என்ன விடை வரும் என்று யாமே கணக்கிட்டோம். முடிவுகள் கலங்கத்தக்கவை. 2, 4, 7, 9 ஆகிய நான்கும் பகையில் முடிகின்றன. 3, 5, 14 நட்பு. 8, 12, 13 பாசம். 6, 11, 15 கல்யாணம். 1 வந்தால் சகோதரி. காதலில் முடிவது 10 ஒன்றே ஒன்று. காதலைப் போல மும்மடங்கு கல்யாணத்துக்கு வாய்ப்புண்டு என்று ஃபிளேம்ஸ் கூறுகிறது. இதனைக் கண்டுபிடித்தவர் எந்த நாட்டவராயினும் நம் ஊர் நடப்பை நன்கறிந்தவர்.

இப்பத்தினை அடைய மாணவர்கள் கையாண்ட உத்திகளும் பதிவாகியுள்ளன. ஒருவருக்கு முதற்கணக்கில் 9 வந்து பகையாயிற்று. உடனே கீழே அதே பெயர்கள் இனிஷியலோடு. அப்போதும் ஆகவில்லை. அடுத்து, தன் பெயரில் ஓர் 'எச்' கூடுதலாக நுழைக்கப்படுகிறது. எண்கணித ஜோதிடரிடம் பணங்கொடுத்துச் செய்வதை இம்மாணவர் இலவசமாகச் செய்திருக்கிறார். அந்த 'எச்' பின்னர் அவருடைய பருவத்தேர்வு விண்ணப்பத்திலும் ஏறி, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாமல், அலுவலகத்தில் அலைய வைத்தது என்று கேள்வி.

எதிர்த்தரப்புப் பெயர் எவ்விடத்தும் முழுதாகப் பொறிக்கப்படவில்லை. பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களே பெயருக்குப் பதிலாக நிற்கின்றன. '37 இன்னைக்கு வரல' என்று ஒரு துண்டுச் சாசனம். மேற்கொண்டு ஒன்றுமில்லை. அடுத்த வரி வடையெண்ணெயில் சிதைந்துள்ளது. மாணவியர் நோட்டுகளில் இந்தக் கணக்கு போட்ட தடம் உண்டு, ஆனால் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, தாளே கிழியும் அளவுக்கு மறைத்திருக்கிறார்கள். மறுபுறத்தில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் படிக்க முடியும். யாம் தேய்க்கவில்லை. ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு.

விளையாட்டுகள்

எக்ஸ்-ஓ, புள்ளி வைத்துக் கட்டம் அடைத்தல், சினிமாப் பெயர் கண்டுபிடித்தல் ஆகியவற்றில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. புத்தகக் கிரிக்கெட்டின் மதிப்பெண் பலகைகள் மட்டும் ஐயத்துக்குரியவை. புரட்டியதும் இடப்புறம் வரும் இரட்டைப்படைப் பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். பூச்சியம் வந்தால் அவுட். 8 வந்தால் கணக்கில்லை, மறுபடி புரட்டு. இவ்விதிப்படி சராசரியாக ஒரு விக்கெட்டுக்கு 12 ரன்னும் பத்து விக்கெட்டுக்கு 120 ரன்னுமே வரவேண்டும். முன்னூறுக்குக் குறையாமல் அடித்த ஓர் அணியைத் தொடர்ந்து காண்கிறோம். பயன்படுத்திய புத்தகத்தில் 46ஆம் பக்கம் தானாகத் திறக்கும்படி முதுகு ஒடிந்திருந்ததைக் காப்பகத்தில் கண்டெடுத்தோம். அது ஆங்கிலப் பாடநூல். அந்த ஒரு பக்கமாவது பழகியிருக்கிறதே என்று ஆங்கிலப் பேராசிரியர் மகிழ்ந்திருக்கலாம்.

சாவா மூவாக் கடன்

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளைக் கொடையளித்தார்கள். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் ஈடுசெய்து, எண்ணிக்கையை எந்நாளும் 96ஆகவே இடையர் காக்க வேண்டும். விளக்கும் அணையாது, மந்தையும் குறையாது.

முதலாண்டு மாணவனின் டீக்கடைக் கடன் இதே கோட்பாட்டில் இயங்குவதை எம் சான்றுகள் ஐயமற நிறுவுகின்றன. 'மணி: 2 டீ, 1 சமோசா. செல்வம்: 1 டீ, பஸ் 10' என்று தொடங்கும் பட்டியலில் ஒரு வரி அடிபட்டால் அதே நாளில் கீழே ஒரு வரி முளைக்கிறது. மணி செல்வத்துக்குத் தர வேண்டியது, செல்வம் மூன்றாமவனுக்குத் தர வேண்டியது, மூன்றாமவன் மணிக்குத் தர வேண்டியது என்று சுற்றி வந்து, மூவரும் உட்கார்ந்து கழித்துப் பார்த்தால் யாரும் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்றாகிறது. அப்படியொரு கழித்தலும் பதிவாகியிருக்கிறது. முடிவில் பூச்சியம் எழுதி, அதைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்திலேயே 'டீ 3' என்று எழுதியிருக்கிறார்கள்.

கோயில் கல்வெட்டின் இறுதியில் ஓம்படைக்கிளவி வரும். இத்தருமத்துக்கு அழிவு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது அதன் சாரம். எம் களத்திலும் உண்டு: 'இந்தப் பக்கத்தைக் கிழித்தவன் அலைடில் அரியர் வைப்பான்.' பக்கம் கிழிபடாமல் எமக்குக் கிடைத்ததால் இவ்வோம்படை வேலை செய்திருக்கிறது என்றே கொள்க.

கையொப்பமும் முகூர்த்த நாளும்

ஒரே பெயரை முப்பது நாற்பது முறை கையொப்பமாக இட்டுப் பழகிய பக்கங்களை முதலில் தற்காதல் எனப் பிழைபட விளக்குவோர் உளர். காலத்தைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த முதல் சில வாரங்களுக்குரியவை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குக்குக் கையொப்பம் வேண்டும். ஒரு முறை போட்டது போலவே மறுமுறையும் போட வேண்டும் என்பது பதினெட்டு வயதில் ஒருவர் எதிர்கொள்ளும் முதல் பெரிய கட்டுப்பாடு. இறுதியாகத் தேர்ந்த வடிவத்தை ஒரு மாணவி பெட்டி கட்டி, அருகில் 'இதுதான்' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே, வேறு மையில், வேறு நாளில்: '1000 வந்துருச்சு. அம்மாட்ட 700.'

இனி வருகைக் கணக்கு. தேர்வெழுத 75 விழுக்காடு வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 67.5, அரை நாளை மேலே தள்ளி 68. ஆக 22 நாள் வராமலிருக்கலாம். கொஞ்சம் குறைந்தால் கண்டொனேஷன் கட்டித் தப்பலாம். துணைப்பாடக் கணிதத்தில் முதல் இன்டர்னலில் ஒற்றை இலக்கம் எடுத்த மாணவர் ஒருவர் இக்கணக்கைத் தசமப் புள்ளியோடு பிழையறச் செய்திருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு கணக்கு: எக்ஸ்டர்னலில் 75க்கு 30 குறைந்தபட்சம், இன்டர்னலில் 25க்கு 10 வந்தால் கூட்டி 40, பாஸ். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்ணும் அவர் கேட்கவில்லை. இத்தகைய சிக்கனத்தைப் பொருளியல் துறையே கண்டதில்லை.

அந்த 22 நாளும் சினிமாவுக்குப் போயிற்று என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு கருத்து நிலவுகிறது. யாமும் அப்படித்தான் எதிர்பார்த்தோம். அவர் நோட்டில் கணக்கின் கீழே ஒரு பட்டியல் இருக்கிறது. ஆவணி 4, 9, 16, 23 என்று தேதிகள். எதிரே மண்டபத்தின் பெயர். 'வேன் ராத்திரி 2 மணி.' அதற்கும் எதிரே 500, 500, 600, 500. முகூர்த்த நாளில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போயிருக்கிறார். முதற்பந்தி காலை ஏழுக்கு. கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றிவிட்டால் மதியம் மூன்று. கல்லூரியின் காலை ஷிப்ட் அதற்குள் முடிந்திருக்கும். பட்டியலின் அடியில் கூட்டுத்தொகை, அதிலிருந்து 'பரீட்சை பீஸ்' கழித்து, மிச்சத்துக்கு 'செருப்பு' என்று எழுதியிருக்கிறது. பந்தி வேலைக்குப் போகிறவருக்குச் செருப்பு சீக்கிரம் தேயும்.

ஐப்பசியில் அதே பக்கத்தில் கூட்டிப் பார்த்திருக்கிறார். 67 நாள் வந்திருக்கிறது. ஒன்று குறைகிறது. அதைச் சுற்றி வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'கண்டொனேஷன்', கேள்விக்குறி, பிறகு ஒரு தொகை, பிறகு 'ஐப்பசி கடைசி முகூர்த்தம் போனா சரியாப் போயிரும்'. அந்த முகூர்த்தம் ஒரு வேலை நாளில் வந்தது என்பதைப் பஞ்சாங்கத்தில் யாம் சரிபார்த்தோம்.

கைப்பேசியும் எதிர்கால ஆய்வும்

கைப்பேசி வந்ததும் கடைசிப் பக்கம் வழக்கொழியும் என்று முன்கணித்தோர் பலர். கைப்பேசியை வகுப்பில் எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். நோட்டை எடுத்தால் பாராட்டுவார்கள். இவ்விதி மாறும்வரை இத்துறைக்கு ஆபத்தில்லை. பக்கத்துப் பெஞ்சுக்குச் செய்தி அனுப்ப இன்றும் கடைசித் தாளின் மூலையே வேகமானது. அதற்கு சிக்னலும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறிய பெயர்களைத் தனி நூலாகச் செய்யும் எண்ணமுண்டு. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்று பெயர் கீறியவனைத் தொல்லியல் துறை கொண்டாடுகிறது. பெஞ்சில் மணி என்று கீறியவனுக்கு அபராதம் போடுகிறார்கள். இடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள்தான் வேறுபாடு.

இரண்டாமாண்டு நோட்டுகள் எம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. பாடத்துக்கொன்றாக அட்டை போட்டு ஏழு நோட்டு கொண்டுவந்தவன், மறு ஆண்டில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே நோட்டை நீளவாக்கில் மடித்துப் பின்பாக்கெட்டில் செருகி வருகிறான். அதற்கு அட்டை இருப்பதில்லை. எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்று வேறுபடுத்த இயலாமையால் அவற்றை எடைக்கு எடை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.